அக்காவுக்கு கேஸ் ட்ரபிள், அண்ணனுக்கு கோவம்: பழைய அடி 45க்கு மேல எப்படி வெளிய வருதுன்னு கண்டுபிடிக்கிறது

எங்க அக்கா வீட்ல ஒரு மஞ்சப்பை இருக்கு, அதுல 3 ஈசிஜி, ஒரு எக்கோ, ஒரு எண்டோஸ்கோபி, ரெண்டு வயித்து ஸ்கேன், தைராய்டு ரிப்போர்ட்டு எல்லாம் மடிச்சு மடிச்சு வச்சிருக்கா, எல்லாத்துக்கும் கீழ நார்மல்னு தான் போட்டிருக்கு. அவளுக்கு 48 வயசு. திடீர்னு படபடன்னு வரும், நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்குங்குவா, நைட்டு 2 மணிக்கு முழிப்பு தட்டிடும் அப்புறம் விடியுற வரைக்கும் கொட்டக் கொட்ட முழிச்சிட்டு இருப்பா. ஒரு டாக்டர் கேஸ் ட்ரபிள்னாரு, இன்னொருத்தர் இந்த வயசுல லேடீஸுக்கு இப்படித்தாம்மா இருக்கும்னு சத்து மாத்திரை எழுதிக் குடுத்தாரு.

அண்ணனுக்கு 51. அவருக்கு ஒரு ரிப்போர்ட்டும் கிடையாது, ஏன்னா இத கண்டுபிடிக்குற வரைக்கும் ஆஸ்பத்திரி பக்கமே போனதில்ல. அவருக்கு கோவம், அவ்ளோதான், ஊர்ல எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க, "மனுசன் தங்கம், கோவம் வந்தா மட்டும் ஆளு வேற". சாயங்காலம் ஒரு குவாட்டர், இப்ப ரெண்டு வருசமா அது ஆஃப் பாட்டில் ஆயிடுச்சு. தூங்கிட்டு இருக்கும்போது பின்னாடி இருந்து தோளத் தொட்டு எழுப்பக் கூடாது, கை ஓங்கிட்டுதான் எந்திரிப்பாரு.

ரெண்டு பேருக்கும் வியாதி ஒண்ணுதான். ஒரே வீட்ல ஒரே சைக்கிள் டியூப்ல அடி வாங்குனவங்க. கதவுக்குப் பின்னாடி ஆணில அது தொங்கும். நான் கடைக்குட்டி, எனக்கு வெவரம் தெரியுறப்போ அப்பாவுக்கு கை தளர்ந்துடுச்சு, அதனால நான் தப்பிச்சேன், தப்பிச்சதாலதான் இத உக்காந்து டைப் பண்ண முடியுதுன்னு நினைக்கிறேன். இத கண்டுபிடிக்க எங்களுக்கு 4 வருசம் ஆச்சு, உங்க வீட்ல அவ்ளோ நாள் ஆகக் கூடாதுன்னுதான் எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, ரெண்டு பேரையும் கூட்டிட்டு அலைஞ்சவ.

முதல்ல, ஏன் இந்த வயசுல

எல்லாரும் கேக்குற கேள்வி இதுதான், 35 வருசத்துக்கு முன்னாடி நடந்தது இப்ப எப்படி வரும், இத்தன நாள் நல்லாத்தானே இருந்தாங்கன்னு. நல்லா இல்ல, வேலையா இருந்தாங்க. பிள்ளைங்க ஸ்கூல், கடன், வீடு கட்டுறது, ஓடிட்டே இருந்தா மனசுக்கு திரும்பிப் பாக்க நேரம் கிடையாது. 45க்கு மேல பிள்ளைங்க காலேஜ் ஹாஸ்டல்னு போயிடும், உடம்பு தளரும், வேலைல முன்ன மாதிரி மதிப்பு இருக்காது, வீட்ல ஒரு அமைதி வரும் பாருங்க, அந்த அமைதிலதான் இது எந்திரிச்சு வருது. பொம்பளைங்களுக்கு அதே நேரத்துல மாதவிடாய் நிக்குற காலமும் சேந்துக்கும், நம்ம நாட்டுல சராசரியா 46, 47 வயசுலயே அது வந்துடுது, அதுலயும் தூக்கம் போகும் படபடப்பு வரும் வேர்த்துக் கொட்டும், அதனால எது எதுனாலன்னு டாக்டருக்கே குழம்பும்.

இது நம்மளா கட்டுன கதை இல்ல. பிரிட்டன்ல 1958 மார்ச் மாசம் ஒரே வாரத்துல பொறந்த ஏறக்குறைய 17,000 குழந்தைங்கள அப்படியே வயசாக வயசாக பின்தொடர்ந்துட்டு வர்றாங்க, அவங்களுக்கு 45 வயசு ஆனப்போ மனநலத்த பாத்தா சின்ன வயசுல கொடுமை அனுபவிச்சவங்களுக்கு அதோட பாதிப்பு அப்பவும் இருந்துச்சு. அமெரிக்காவுல சான் டியாகோல வின்சென்ட் ஃபெலிட்டின்னு ஒரு டாக்டர் எடை குறைக்குற கிளினிக் நடத்துனாரு, அங்க நல்லா எடை குறைஞ்சுட்டு இருந்தவங்களே பாதில நின்னு போயிட்டாங்க, என்னடான்னு விசாரிச்சா நிறைய பேருக்கு சின்ன வயசு கொடுமை பின்னாடி இருக்கு, அப்புறம் ராபர்ட் ஆண்டான்னு இன்னொரு டாக்டரோட சேந்து, சின்ன வயசுல நடந்ததப் பத்தி 17,000 பேருக்கு மேல கேட்டு 1998ல முதல் முடிவ வெளியிட்டாங்க. அதுல பதில் சொன்னவங்க பெரும்பாலும் நடுத்தர வயசு, வசதியான, இன்சூரன்ஸ் இருக்குற ஆளுங்க. படிச்ச வீட்ல இதெல்லாம் நடக்காதுன்னு சொல்றவங்களுக்காக சொல்றேன்.

இன்னொரு விஷயம், இதத்தான் யாரும் பேசுறதில்ல. அடிச்சவங்களுக்கு இப்ப வயசாயிருக்கும், அவங்கள பாத்துக்குற வேலை அடி வாங்குனவங்க தலைலதான் விழும், அதுலயும் மக இல்ல மருமக தலைல. எங்க அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து அக்கா வீட்லதான் இருக்காரு. இப்ப அவரால ஒரு டம்ளர் கூட தூக்க முடியாது. ஆனா அவரு தொண்டைய கனைப்பாரு இல்ல, அந்தக் காலத்துல வேலை முடிஞ்சு கேட்ட தெறக்குறப்ப கனைக்குற அதே கனைப்பு, அது கேட்ட உடனே கஞ்சி ஆத்திட்டு இருக்குற அக்கா கை அப்படியே நிக்கும், டம்ளர்ல இருந்து கஞ்சி தட்டுல சிந்தும், தொடச்சிட்டு மறுபடி ஆத்துவா. நான் பல தடவ பாத்திருக்கேன், அப்ப எனக்கு புரியல. அவளோட படபடப்பு எப்ப ஆரம்பிச்சதுன்னு மஞ்சப்பைல தேதி போட்டுப் பாத்தா, அப்பா அந்த வீட்டுக்கு வந்து மூணாவது மாசம் முதல் ஈசிஜி. அண்ணன் அந்த வீட்டுக்குள்ளயே வர மாட்டாரு, அப்பாவோட மருந்துப் பைய கேட்டுலயே குடுத்துட்டு வண்டிய ஆஃப் கூட பண்ணாம போயிடுவாரு. ஊரு என்ன சொல்லும், பொண்ணு பாசக்காரி பையன் கல்நெஞ்சன்னு.

அதனால முதல் வேலை இதான், ஒரு நோட்டுல ஒரு பக்கம் எப்ப இருந்து தூக்கம் போச்சு, எப்ப இருந்து வலி, எப்ப குடி கூடுச்சுன்னு எழுதுங்க, இன்னொரு பக்கம் அந்த நேரத்துல வீட்ல என்ன மாறுச்சுன்னு எழுதுங்க. யாராச்சும் செத்தாங்களா, யாராச்சும் திரும்பி வந்தாங்களா, மகளுக்கு கல்யாணம் ஆச்சா, தன்னை அடிச்சப்ப இருந்த அதே வயசுக்கு தன்னோட பிள்ளை வந்துச்சா. பாதி வெவரம் அங்கயே கிடைச்சுடும்.

பொம்பளைங்ககிட்ட எப்படி தெரியும், ஆம்பளைங்ககிட்ட எப்படி தெரியும்

பொதுவா பொம்பளைங்களுக்கு உள்ள போகும், ஆம்பளைங்களுக்கு வெளிய வரும். உள்ள போறதுன்னா மன அழுத்தம், பயம், எல்லாத்துக்கும் தன் மேலயே பழி போட்டுக்குறது, அப்புறம் உடம்பு வலி. நம்ம ஊர்ல மனசு சரியில்லன்னு ஒரு பொம்பள சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க, இடுப்பு வலின்னு சொன்னா ஆட்டோ பிடிச்சு கூட்டிட்டுப் போவாங்க, அதனால மனசும் இடுப்பு வழியா பேசக் கத்துக்குது. வெளிய வர்றதுன்னா கோவம், குடி, கண்மண் தெரியாம வண்டி ஓட்டுறது, கடன் வாங்கி சீட்டு ஆடுறது, இல்லன்னா ஒரேயடியா பேச்ச நிறுத்திட்டு ஃபோனப் பாத்துட்டே உக்காந்திருக்குறது. இது இரும்பு ரூல் இல்ல, கத்துற பொம்பளைங்களும் இருக்காங்க, பாத்ரூம்ல பைப்ப தெறந்து விட்டு அழுற ஆம்பளைங்களும் இருக்காங்க.

ஏன் இந்த வித்தியாசம்னா வளர்ப்பு ஒரு பாதி. இன்னொரு பாதி, வாங்குற அடியே வேற வேற. விபத்து, அடிதடி, வெளிச்சண்டைன்னு மொத்தமா கணக்கு பாத்தா ஆபத்தான சம்பவம் ஆம்பளைங்களுக்குத்தான் அதிகம் நடக்குது, ஆனா அதுக்கப்புறம் வர்ற பிடிஎஸ்டி, அதாவது நடந்தது முடிஞ்சும் உடம்பு இன்னும் அங்கயே நிக்குற வியாதி, பொம்பளைங்களுக்கு ஏறக்குறைய ரெண்டு மடங்கு வருது. பொம்பளைங்க மனசு பலவீனம்னு இதுக்கு அர்த்தம் பண்ணிடாதீங்க. ஒருத்தன் டாஸ்மாக் வாசல்ல அடி வாங்குனா வீட்டுக்கு வந்து கதவ சாத்திக்கலாம். வீட்டுக்குள்ளயே அடி விழுந்தா எந்தக் கதவ சாத்துறது, அதுவும் அதே ஆளுக்கு மறுநாள் காலைல காப்பி போட்டுக் குடுக்கணும். பாலியல் கொடுமையும் பொம்பளைங்களுக்குத்தான் ரொம்ப அதிகம், அது விட்டுட்டுப் போற காயம் ஆழம்.

ஆம்பளைங்க பக்கம் வேற ஒரு ஆபத்து இருக்கு. 2022ல நம்ம நாட்டுல 1,70,924 பேர் தற்கொலை பண்ணிக்கிட்டதா தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கணக்கு சொல்லுது, அதுல 100க்கு 70 பேருக்கு மேல ஆம்பளைங்க, காரணம்னு எழுதுனதுல குடும்பப் பிரச்சனைதான் முதல்ல நிக்குது. டிப்ரஷன்னு டாக்டர்கிட்ட போறது பொம்பளைங்க அதிகம், செத்துப் போறது ஆம்பளைங்க அதிகம். கோவக்காரன்னு ஊரே விலகிப் போறவன்கிட்ட யாரு தூங்குறியாப்பான்னு கேக்கப் போறா.

வயசான ஆம்பளைய மகன் அடிக்குறது, பொண்டாட்டி அடிக்குறது இதுவும் நடக்குது, சொத்துல கையெழுத்து போடலன்னு 58 வயசு ஆள் கன்னத்துல வாங்கிட்டு வெளிய வந்து பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னு சொல்லுவாரு. சிரிப்பாங்கன்னு பயம்.

கணக்கெடுப்பும் இந்த வயசுக்காரங்கள விட்டுடுது பாருங்க. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுல கல்யாணம் ஆன பொம்பளைங்கள்ல 100க்கு 38 பேர் புருசன்கிட்ட அடி உதை இல்லன்னா பாலியல் வன்முறைய அனுபவிச்சிருக்காங்கன்னு வந்துச்சு, ஆனா அந்தக் கேள்விய 18ல இருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைங்ககிட்ட மட்டும்தான் கேக்குறாங்க. 50 வயசு ஆயிட்டா கேக்குறதில்ல, ஆம்பளைங்க அடி வாங்குனாங்களான்னு எந்த வயசுலயும் கேக்குறதில்ல. அரசாங்கம் கேக்கலன்னா நம்மதான் கேக்கணும்.

எப்படி கேக்குறது

அக்கா தங்கச்சி அம்மான்னா தனியா இருக்கும்போது கேளுங்க, மாமியார் ஹால்ல இருக்கும்போது, புருசன் குளிச்சிட்டு இருக்கும்போதெல்லாம் வேண்டாம். கைல வேலை இருக்கணும், வெங்காயம் உரிச்சிட்டோ துணி மடிச்சிட்டோ, அப்ப கண்ணப் பாக்காம பேசலாம். "சந்தோஷமா இருக்கியா"ன்னு கேட்டா "இருக்கேன்"னுதான் பதில் வரும். "எப்பல்லாம் உனக்கு பயமா இருக்கு", "வீட்ல எந்த சத்தம் கேட்டா திக்குங்குது" இப்படி கேளுங்க. எங்க வீட்ல இத கேட்டது நான் கூட இல்ல, மக்களைத் தேடி மருத்துவத்துல அப்பாவுக்கு பிபி பாக்க வந்த ஒரு அம்மா, பிபி பட்டைய கழட்டிட்டே "அவரு நல்லா இருக்காரும்மா, நீங்க தூங்குறீங்களா?"ன்னு அக்காவக் கேட்டாங்க. அக்கா பதில் சொல்லல, பட்டைய வாங்கி மடிச்சுக் குடுத்துட்டு உள்ள போய் அழுதா. அன்னிக்கு சாயங்காலம்தான் எங்கிட்ட பேசுனா.

அண்ணன் தம்பி அப்பான்னா எதிர்ல உக்காந்து கேக்காதீங்க, போலீஸ் விசாரணை மாதிரி ஆயிடும். பக்கத்துல உக்காருங்க, பைக்ல பின்னாடி உக்காந்து போறப்போ, டீக்கடைல நிக்குறப்போ, கொளத்துப் பக்கம் நடக்குறப்போ. மனசு கஷ்டம்ங்குற வார்த்தையே வேண்டாம், தூக்கம், பசி, தலைவலி, கனவு இதுல இருந்து ஆரம்பிங்க. அண்ணன்கிட்ட நான் "சைக்கிள் டியூப் ஞாபகம் இருக்காண்ணே"ன்னு ஒரு வார்த்தை கேட்டேன், டீ கிளாஸ கைல வச்சுட்டே பத்து நிமிஷம் பேசல, டீ ஆறி ஏடு படிஞ்சு போச்சு. அப்புறம் "உன்ன அடிச்சாராம்மா?"ன்னு கேட்டாரு. இல்லண்ணேன்னேன். "நல்லது"ன்னாரு. அன்னிக்கு அவ்ளோதான், நானும் மேல நோண்டல.

சொல்லக் கூடாதது சிலது இருக்கு. "அதான் முடிஞ்சு போச்சே", "பெத்தவரு தானே", "அந்தக் காலத்துல எல்லாரு வீட்லயும் அடிச்சாங்க, நாங்க நல்லா வளரலயா", "நீ என்ன சொன்ன அவன் அடிக்க", இதுல எத சொன்னாலும் அடுத்த பத்து வருசத்துக்கு வாயத் தெறக்க மாட்டாங்க. மன்னிச்சுடுன்னு சொல்றது இருக்கே அது அத விட மோசம், மன்னிக்குறது அவங்க இஷ்டம்.

இப்பவும் அடி விழுந்துட்டு இருக்குன்னா வேலையே வேற. அடிக்குறவன்கிட்ட போய் நியாயம் கேக்காதீங்க, நீங்க கிளம்புன பின்னாடி அதுக்கும் சேத்து வாங்குவாங்க. வாட்ஸப்ல மெசேஜ் போடாதீங்க, ஃபோன செக் பண்ணுவாங்க. ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், பத்திரம் இதோட ஜெராக்ஸ் உங்க வீட்ல ஒரு செட் வாங்கி வச்சுக்கோங்க. கழுத்த நெரிச்சான்னு ஒரு தடவ கேள்விப்பட்டாலும் சும்மா விடாதீங்க, கழுத்துல கை வச்சவன் பின்னாடி கொல்ற வரைக்கும் போற வாய்ப்பு ரொம்ப ஜாஸ்தி, வெளிய காயம் தெரியலன்னாலும் அன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டணும். அவசரத்துக்கு 112, பொம்பளைங்களுக்கு 181.

செத்துடலாம்னு பேச்சு வந்தா நேரடியாவே கேளுங்க, "சாகணும்னு தோணுதா, எப்படின்னு யோசிச்சு வச்சிருக்கியா"ன்னு. கேட்டா தூண்டி விட்ட மாதிரி ஆயிடும்னு பயப்படாதீங்க, அப்படி ஆகாது, கேட்டதும் பாரம் எறங்குனவங்கதான் அதிகம். வீட்ல பூச்சி மருந்து, சேத்து வச்ச மாத்திரை இருந்தா அன்னிக்கே எடுத்துட்டுப் போயிடுங்க, ஆள தனியா விடாதீங்க. 14416க்கு ஃபோன் போடுங்க, டெலி மனாஸ், 24 மணி நேரமும் தமிழ்ல பேசுவாங்க, காசு கிடையாது, நம்ம ஊர்ல நட்புடன் உங்களோடுன்னு பேர் வச்சிருக்காங்க. பாதிக்கப்பட்டவங்கதான் பண்ணனும்னு இல்ல, நானே முதல்ல எப்படி பேசுறதுன்னு கேக்கத்தான் பண்ணேன்.

டாக்டர்கிட்ட

அக்கா மாதிரி கேஸ்ல முதல்ல உடம்ப பாத்துடுங்க, எல்லாம் மனசுதான்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க. ரத்தத்துல ஹீமோகுளோபின், சுகர், தைராய்டு, ஒரு ஈசிஜி, இது ஒரு தடவ போதும். ஒவ்வொரு டாக்டரா மாத்தி மாத்தி அதையே அஞ்சு தடவ எடுக்காதீங்க. அப்புறம் சைக்யாட்ரி. கீழ்ப்பாக்கம்னு சொல்லிச் சொல்லி நாம அந்த ஊரு பேரையே கெட்ட வார்த்தை ஆக்கிட்டோம், 1794ல ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி பாவம். ஆனா அதுக்காக சென்னை வரைக்கும் போக வேண்டாம், அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிலயும் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிலயும் மனநலப் பிரிவு இருக்கு, மாத்திரை ஃப்ரீ.

உள்ள போய் என்ன சொல்றதுன்னு முன்னாடியே ஒரு வரி ரெடி பண்ணிக்கோங்க. "படபடப்பா இருக்கு"ன்னு மட்டும் சொன்னா படபடப்புக்கு மாத்திரை வரும். "எங்கப்பா சின்ன வயசுல ரொம்ப அடிப்பாரு, இப்ப அவர நான்தான் பாத்துக்குறேன், அதுல இருந்து தூக்கம் இல்ல", இவ்ளோ சொன்னா போதும், டாக்டர் மீதிய கேப்பாங்க. கூட்டத்துல சொல்ல கூச்சமா இருந்தா சீட்டுல எழுதிக் குடுங்க, அக்கா அப்படித்தான் குடுத்தா.

மன அழுத்த மாத்திரை வேலை செய்ய ரெண்டு மூணு வாரம் ஆகும், முதல் வாரத்துல வயித்தப் பொரட்டலாம், அதப் பாத்துட்டு நிறுத்திடாதீங்க, கொஞ்சம் நல்லா ஆன உடனேயும் நீங்களா நிறுத்திடாதீங்க. மெடிக்கல்ல சொல்லி தூக்க மாத்திரை வாங்குற பழக்கம் வேண்டவே வேண்டாம், பழகிடும், பிடிஎஸ்டிக்கு அது மருந்தும் இல்ல. மாத்திரையோட பேச்சு சிகிச்சையும் கேட்டு வாங்குங்க, நடந்தத கொஞ்சம் கொஞ்சமா பேச வச்சு பயத்த எறக்குற முறை இருக்கு, நல்லா வேலை செய்யுது.

குடிக்குறவங்களுக்கு ஒண்ணு, இத கண்டிப்பா படிங்க. தினமும் நிறைய குடிக்குறவர நாளைல இருந்து ஒரு சொட்டு கூட கூடாதுன்னு ரூம்ல பூட்டி வைக்காதீங்க, கை நடுங்கி, ஃபிட்ஸ் வந்து, இல்லாத ஆளு இருக்குற மாதிரி பேசி, உயிருக்கே ஆபத்து ஆகலாம். டாக்டர் கண்காணிப்புல மருந்து குடுத்துத்தான் நிறுத்தணும்.

அடி வாங்குனவன்ங்குறதுக்காக இப்ப அவன் அடிக்குறத பொறுத்துக்கணும்னு ஒண்ணும் இல்ல, இத அண்ணிகிட்ட நான் சொன்னேன், உங்களுக்கும் சொல்றேன். காரணம் புரியுறது வேற, முதுகக் காட்டுறது வேற. 2005ல வந்த குடும்ப வன்முறைச் சட்டத்துல கை நீட்டுறது மட்டும் இல்ல, அசிங்கமா திட்டுறது, சம்பளத்தப் பிடுங்குறது, செலவுக்கு காசு குடுக்காதது எல்லாமே வன்முறைதான். 50 வயசுல போய் கேஸான்னு நினைக்காதீங்க, வயசு வரம்பே கிடையாது, அடிக்குற மகன் மேல அம்மாவும் குடுக்கலாம், வீடு அவன் பேர்ல இருந்தாலும் அங்க தங்குற உரிமை உண்டு. மாவட்ட சமூக நல அலுவலகத்துல பாதுகாப்பு அலுவலர்னு ஒருத்தர் இருப்பாங்க, இல்லன்னா ஒருங்கிணைந்த சேவை மையம், 181ல கேட்டா எங்க இருக்குன்னு சொல்லுவாங்க. அடி வாங்குற ஆம்பளைங்களுக்கு இந்தச் சட்டம் கிடையாது, சாதாரண அடிதடி புகார்தான் குடுக்க முடியும், 60 தாண்டுனவங்கன்னா 14567ல முதியோர் உதவி எண் இருக்கு.

அப்பாவ பாத்துக்குற விஷயத்துல நாங்க பண்ணது, காலைல வேளைக்கு ஒரு ஆள் வச்சுட்டோம், குளிப்பாட்டுறது அந்த அம்மா, சாப்பாடு ஊட்டுறது நான் இல்லன்னா அக்கா மக. சம்பளம் அண்ணன் குடுக்குறாரு. இன்னமும் உள்ள வர மாட்டாரு, நாங்களும் கூப்புடுறதில்ல. அக்கா இப்ப சமையல் ரூம்ல ரேடியோ போட்டுக்குறா, சத்தமா, அந்தக் கனைப்பு கேக்காத அளவுக்கு.

கடைசியா ஒரு டிப்ஸ், ஓபி காலைலதான், 8 மணிக்கெல்லாம் போய் சீட்டு போட்டுடுங்க, போன தடவ சீட்ட மறந்துட்டா மறுபடி புது வரிசை. அக்கா அவளோடத மஞ்சப்பைல வச்சிருக்கா, அண்ணன் ஃபோன் கவருக்கு பின்னாடி மடிச்சு சொருகி வச்சிருக்காரு. ரெண்டு பேருக்கும் அடுத்த செவ்வாய்க்கிழமைதான் தேதி, ஒரே ஆட்டோல போறோம்.